47-ஆம் எண் மனையும் அதன் குறுக்கே போன ஓடையும்

2022 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் எங்கள் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. இலவசமாக மனை பார்த்து வரலாம், மதியச் சாப்பாடும் உண்டு என்றார்கள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பதினொரு வருட வாடகை வாழ்க்கையில் நான்கு வீடு மாறியிருந்தோம். அன்று மகளையும் கூட்டிக்கொண்டு வேனில் ஏறினேன். அடுத்த பதினான்கு மாதம் நான் பட்டதை வேறு யாரும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பக்கம் கிட்டத்தட்ட பத்து ஏக்கர் நிலம். வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தார்கள். தார் போடாத மண் ரோடு, வாசலில் வளைவு, வண்ணக் கொடிகள். காற்று ஜில்லென்று அடித்தது. "ஏரி பக்கத்துல மேடம், தண்ணிக்குப் பஞ்சமே வராது" என்றார் கூட வந்த தம்பி. 2019 கோடையில் செங்குன்றம் ஏரி வறண்டு கிடந்தபோது லாரித் தண்ணீருக்காக இரவு பன்னிரண்டு மணிக்குக் குடத்தோடு நின்றவள் நான். அந்த ஒரு வார்த்தையே எனக்குப் போதுமாக இருந்தது. 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. சதுர அடி 2,100 ரூபாய், மொத்தம் 25 லட்சத்து 20 ஆயிரம். மனை எண் 47. அங்கேயே நின்று கணவருக்குப் போன் செய்தேன். "உனக்குப் பிடிச்சா சரி" என்றார். மறுநாள் 50,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம், சேமிப்பு இரண்டு லட்சம் சேர்த்து நான்கு லட்சத்துக்குக் காசோலை கொடுத்தேன். காசோலைக்கு ரசீது தந்தார்கள். ரொக்கத்துக்கு ஒரு துண்டுச் சீட்டில் "பெற்றுக்கொண்டோம்" என்று எழுதி, கையெழுத்துக்குப் பதில் ஒரு கிறுக்கல்.

முதல் தவறு இங்கேயே நடந்துவிட்டது. அவர்கள் தந்த விளம்பரத் தாளில் அனுமதி எண் என்று ஏதோ அச்சிட்டிருந்தது. உண்மையில் அது மனைப்பிரிவு அனுமதிக்கு விண்ணப்பித்த கோப்பின் எண். "அப்ரூவலுக்குக் கொடுத்தாச்சு" என்பதும் "அப்ரூவல் வந்தாச்சு" என்பதும் காதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழுகின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரித்து விற்கும் எவரும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பதிவு செய்த திட்டமாகவே இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. என் மனைக்குப் பத்து சதவீதம் 2 லட்சத்து 52 ஆயிரம். நான் கொடுத்தது நாலரை லட்சம். தமிழ்நாட்டு ரெரா தளத்தில் திட்டத்தின் பெயரைத் தேட ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. பதிவு எண்ணை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். தளத்தில் நீங்களே தேடி, அங்கே ஏற்றியிருக்கும் வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

புரட்டாசியில் கணவர் விடுமுறையில் வந்தார். மனையைக் காட்டக் கூட்டிப்போனேன். வேன் இல்லாமல், விற்பனைத் தம்பி இல்லாமல் நாங்கள் மட்டும் போனது அதுதான் முதல் தடவை. ரோட்டோரம் ஒரு ஆயா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இங்கயா மனை வாங்கியிருக்க? ஓடைம்மா இது. ஐப்பசி மழைக்கு வந்து பாரு, இடுப்பளவு ஓடும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆசையாக வாங்கிய இடத்தைப் பற்றி முதல் ஆளே இப்படிச் சொல்கிறாரே என்று. ஆனால் திரும்பும் வழியில் கணவர் பைக்கை நிறுத்திவிட்டு ஒன்றைக் காட்டினார். தார் ரோட்டுக்கு அடியில் ஒரு கல்வெர்ட், இரண்டு பெரிய சிமெண்ட் குழாய் வைத்துக் கட்டியது. ஒரு பக்கம் வயல். இன்னொரு பக்கம் எங்கள் மனைப்பிரிவு. வாய்க்கால் எதுவும் கண்ணில் படவில்லை. "தண்ணி வராத இடத்துல எதுக்கு இவ்ளோ பெரிய குழாய்?" என்று கேட்டார். பதினைந்து நாளில் அவர் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

மனை பார்க்கப் போகிறவர்கள் மனைக்குள் நிற்பதைவிட அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து பார்ப்பதே மேல் என்று இப்போது நினைக்கிறேன். கல்வெர்ட், சிறுபாலம், ரோட்டில் திடீரென்று வரும் தாழ்வு, கோரைப்புல், ஈச்ச மரங்கள், மற்ற இடம் காய்ந்திருக்க அங்கே மட்டும் பச்சை. இவையெல்லாம் தண்ணீர் நடந்த தடம். அக்கம்பக்கத்தில் விவசாயம் பார்ப்பவர்களிடமும் ஆடுமாடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். மழைக்காலத்தில் எந்த வழியாகச் சுற்றிப் போவீர்கள் என்று கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

அப்புறம் காகிதங்களைத் தோண்ட ஆரம்பித்தேன். விற்பவர்கள் ஒரு கட்டு நகல் தந்திருந்தார்கள். பட்டா சரியாக இருந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு அடமானம்கூட இல்லை. வக்கீல் கருத்துரையும் இருந்தது. எனக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஒருவர் அதையெல்லாம் பார்த்துவிட்டு "கிளீன் டாக்குமெண்ட்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. யார் யாருக்கு விற்றார், யாரிடம் கடன் இருக்கிறது என்பதை வில்லங்கச் சான்று சொல்லும். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்பவை வேறு மூன்று காகிதங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவோடு வரைந்து காட்டும் புலப்படம், அதாவது எஃப்.எம்.பி. அடுத்தது, அந்த எண் யாருடையது, எந்த வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடு. மூன்றாவது கிராம வரைபடம். முதல் இரண்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே சர்வே எண்ணைக் கொடுத்து எடுக்கலாம். கிராம வரைபடத்தை நான் பணம் கட்டி வாங்கினேன்.

அந்தக் கட்டில் ஐந்து சர்வே எண்கள் இருந்தன. ஐந்தின் புலப்படத்தையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மகளும் நானும் ஓரங்களை ஒட்டிப் பார்த்தோம். இரண்டு புலங்களுக்கு நடுவே ஒட்டவே இல்லை. ஒரு நீண்ட, வளைந்த இடைவெளி. அந்த இடைவெளிக்கென்று தனியாக ஒரு சர்வே எண் இருந்தது. அது பட்டாவில் இல்லை, பத்திரத்தில் இல்லை. 'அ' பதிவேட்டில் பார்த்தேன். அரசு புறம்போக்கு, ஓடை. மனைப்பிரிவு வரைபடத்தில் அதே இடம் பாதி முப்பதடி ரோடாகவும், கொஞ்சம் பூங்காவாகவும், மீதி ஏழெட்டு மனைகளாகவும் மாறியிருந்தது. 47 அதில் ஒன்று. மகள் பென்சிலால் அந்த வளைவை வரைந்து காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பூங்காவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். எந்த இடத்தைப் பூங்கா என்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். விற்க முடியாத தாழ்ந்த மூலையைத்தான் பெரும்பாலும் ஒதுக்குகிறார்கள். வரைபடத்தில் பூங்கா இருக்கும் இடத்தைப் பிடித்தால் அந்த நிலத்தின் பள்ளம் எங்கே என்று தெரிந்துவிடும். பக்கத்து மனையை 'பார்க் ஃபேசிங்' என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள்.

இணையத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பழைய வருடங்களுக்குத் தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போனேன். புதிய படத்தில் வெறும் செம்மண். 2015 வெள்ளத்துக்குப் பிந்தைய படத்தில் அதே வளைவு, மகள் பென்சிலால் வரைந்த அதே வளைவு, கருநீலமாக இருந்தது. மேற்கே ஒரு சிற்றேரியின் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து புறப்பட்டு, எங்கள் நிலத்தைக் கடந்து, கல்வெர்ட் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. கடைசியில் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தேன். செங்குன்றம் ஏரி.

அதுவரை இது என் பணத்தைப் பற்றிய கவலையாக இருந்தது. அங்கே இன்னொன்றும் சேர்ந்தது. 3,300 மில்லியன் கனஅடி கொள்ளும் அந்த ஏரியிலிருந்து சென்னைக்கு 1870-களிலிருந்து குடிநீர் போகிறது. பூண்டியிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் கால்வாயில் வரும் தண்ணீர் ஒரு பக்கம் இருக்க, சுற்றியுள்ள கிராமங்களில் பெய்கிற மழை சிற்றேரிகளை நிரப்பி, வழிந்து, இறங்கி வந்து சேர்வதும் அதற்குத்தான். அதனால்தான் 2008-இல் வந்த சென்னைப் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தனியாகக் குறித்து, அங்கே கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நான் எட்டாம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சி பாடம் நடத்துபவள். இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டிருக்க வேண்டும். பத்து ஏக்கரில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் நாற்பது லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஏற்றினால் முந்நூறு லாரிக்கு மேல் வரும். வயலாக இருந்தால் வரப்பு கொஞ்சம் பிடிக்கும், மண் கொஞ்சம் குடிக்கும், மீதி மெல்லப் போகும். சிமெண்ட் ரோடும் மொட்டை மாடியுமாகிவிட்டால் ஒரே மூச்சில் ஓடும். பாதாளச் சாக்கடை இல்லாத இடம் அது. வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், வீட்டுக்கு ஒரு போர். நூற்றைம்பது வீட்டுக் கசிவும் அந்த மழையோடு சேர்ந்து ஏரிக்குத்தான் இறங்கும். தண்ணீருக்குப் பஞ்சம் வராது என்று நம்பி வாங்கிய மனை, ஊர் குடிக்கிற தண்ணீரின் வழியில் உட்கார்ந்திருந்தது.

விற்பனை அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டே பேசினார்கள். "அதெல்லாம் பழைய மேப் மேடம், இப்ப அங்க ஓடையே இல்ல." இரண்டாம் தடவை, "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் மேடம்." இந்த இரண்டு பதிலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இதேதான் கிடைக்கும். ஓடையில் தண்ணீர் ஓடாவிட்டாலும், மண் போட்டு மூடியிருந்தாலும், பதிவேட்டில் ஓடை என்று இருந்தால் அது ஓடைதான். நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப இதைச் சொல்லியிருக்கின்றன. அவர்கள் சொன்ன 'ரெகுலரைஸ்', அதாவது வரன்முறைத் திட்டம் என்பது 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உருவான அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளுக்கு 2017-இல் கொண்டுவந்தது. அதிலும் நீர்நிலைகளுக்கு இடமில்லை. புதிதாகக் கல் நட்ட இடத்துக்கு அதை யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐப்பசி கடைசியில், நவம்பரில், இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். குடையோடு பஸ் ஏறிப் போனேன். ஆயா சொன்ன இடுப்பளவு இல்லை, முழங்காலுக்கு மேல் இருந்தது. கல்வெர்ட்டின் இரண்டு குழாயும் நிரம்பி மேற்கிலிருந்து தண்ணீர் சுழன்று வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. 47 எது என்று எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அங்கே நின்று அழுதேன். யாரும் இல்லை, அதனால் சத்தமாகவே அழுதேன். பிறகுதான் புத்தி வந்து போனை எடுத்து, தேதியும் இடமும் பதிவாகும்படி படமும் வீடியோவும் எடுத்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் எனக்குக் கைகொடுத்தது அந்த ஆறு நிமிட வீடியோதான். முடிந்தால் மனையை ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வாங்குங்கள். அவசரப்படுத்தினால், ஏன் தைக்கு முன்னால் விற்க வேண்டும், ஏன் ஐப்பசி மழையில் வேன் ஓடுவதில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

மார்கழியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று ஆர்.டி.ஐ. மனு போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில். முதல் மனுவை வீணாக்கிவிட்டேன். "ஓடையை எப்படி மனையாக்க அனுமதிக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தேன். விளக்கம் கேட்பது தகவல் கோருவது ஆகாது என்று திருப்பிவிட்டார்கள். அதன்பின் விவரம் தெரிந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். "இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண்களில் மனைப்பிரிவு அனுமதி கோரி வந்த விண்ணப்பத்தின் நகல், இணைத்த வரைபடத்தின் நகல், நீர்வளத் துறை அளித்த தடையின்மைச் சான்றின் நகல், அளிக்கவில்லை எனில் அத்துறையுடன் நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல்." இப்படி எழுதியதும் காகிதம் நகர்ந்தது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒரு அலுவலகம் 46 நாளாகியும் தரவில்லை. முதல் மேல்முறையீட்டைத் தபாலில் போட்ட பிறகு ஒன்பது நாளில் வந்தது. வெள்ளநீர் தேங்கும் நிலை பற்றி நீர்வளத் துறையின் சான்று இன்னும் வரவில்லை, கோப்பு நிலுவையில் இருக்கிறது என்று அதில் இருந்தது. எனக்கு விற்றபோது அந்தச் சான்றே இல்லை.

அதை வைத்து ஒரு ஆட்சேபக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது நான்கு பக்கம், முழுக்கக் கோபம். கிழித்துவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினேன். சர்வே எண், 'அ' பதிவேட்டின் வகைப்பாடு, புலப்படங்களை ஒட்டி ஓடையைச் சிவப்பில் காட்டிய ஒரு படம், மழை நாளின் இரண்டு புகைப்படம். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை 6,000 ரூபாய் கொடுத்துக் கூட்டிப்போய், மனைகள் எத்தனை மீட்டர் ஓடைக்குள் இருக்கின்றன என்று அளந்த வரைபடமும் சேர்த்தேன். மனைப்பிரிவு அனுமதி தரும் திட்ட அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். கோப்பு பரிசீலனையில் இருக்கும்போதே கொடுப்பது முக்கியம். அனுமதி வந்த பின் ரத்து செய்ய வைப்பது வேறு போராட்டம்.

இந்த மாதங்களில் என்னை அதிகம் வருத்தியது விற்றவர்கள் அல்ல. என்னைப் போலவே முன்பணம் கொடுத்திருந்த சிலர். என் கடிதம் பற்றித் தெரிந்ததும் ஒரு அம்மா போனில் கத்தினார். "உங்களால எங்க மனையும் போச்சு. உங்க பிரச்சினைய நீங்க மட்டும் பாத்துக்க வேண்டியதுதானே?" அவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமாம். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது யோசித்தால், கடிதம் அனுப்பும் முன் அவர்களிடம் புலப்படத்தைக் காட்டியிருக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து போயிருந்தால் எனக்கும் பயம் குறைந்திருக்கும், அவர்களும் என்னை எதிரியாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பணத்தைத் திரும்பப் பெறுவது தனிக் கதை. எட்டு மாதம் "அடுத்த வாரம்" என்றார்கள். இரவில் பெயர் சொல்லாத அழைப்புகள் வந்தன. அந்த வாரங்களில் மகளை டியூஷனுக்குத் தனியாக அனுப்பவில்லை. கடைசியில் 15,000 ரூபாய் கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அதில் ரெரா பதிவு இல்லாமல் முன்பணம் வாங்கியதும், பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கியதும், ரெராவில் புகார் தரப் போவதும் மட்டும் இருந்தன. பதினோராம் நாள் கூப்பிட்டார்கள். ரத்துக் கட்டணம் என்று 60,000 பிடித்துக்கொண்டு 3 லட்சத்து 40 ஆயிரம் தந்தார்கள். ரொக்கமாகக் கொடுத்த 50,000-க்கு ஆதாரம் இல்லை, வாங்கவே இல்லை என்றார்கள். புகார் கொடுத்து முழுதும் வாங்கியிருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். எனக்குத் தெம்பு இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. நகைக் கடனுக்கு வட்டி மட்டும் 28,000. சர்வேயர், வக்கீல் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்து 59 ஆயிரம் ரூபாய் போனது. சம்பளம் பிடித்த விடுப்பு நாட்கள் பத்தொன்பது. என்ன சொன்னாலும், எவ்வளவு சிறிய தொகையானாலும், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

நகையை மீட்டு வந்த வாரம், 2023 நவம்பரில், என் ஆட்சேபத்துக்குத் தபாலில் பதில் வந்தது. ஓடைப் புறம்போக்கை விட்டுவிட்டுத் திருத்திய வரைபடம் தரும்படி விண்ணப்பதாரருக்கு எழுதியிருப்பதாகவும், புதிய வரைபடம் வந்து பரிசீலனையில் இருப்பதாகவும் இருந்தது. வரைபடத்தின் நகலுக்கு இன்னொரு ஆர்.டி.ஐ. போட்டு வாங்கினேன். நீர்வளத் துறை என்ன சொல்லப்போகிறது என்பது இனிமேல்தான் தெரியும். அந்த வரைபடத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வளைந்து போகும் இரட்டைக் கோடு இருக்கிறது, பக்கத்தில் ஓடை என்று எழுதியிருக்கிறது. 46-க்கு அப்புறம் 55. மகள் அதை எடுத்துத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.